சம்பா என்று பெயர் வைக்காதீர்கள்: டெல்டாவில் எழுதிய மென்பொருளைக் கட்டற்றதாக வெளியிட ஒரு வழிகாட்டி

பாபநாசம் பக்கத்தில் என் மச்சானுக்கு இரண்டு பெல்ட் மிஷின், அதாவது நெல் அறுக்கும் இயந்திரம் ஓடுகிறது. அறுப்புக் காலத்தில் எந்த வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மா அறுத்தது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று டிரைவர்கள் ஒரு டைரியில் எழுதி வைப்பார்கள். டைரி நனையும், தொலையும், கணக்கில் சண்டை வரும். அதற்காகப் பைத்தானில் ஒரு சிறிய மென்பொருள் எழுதினேன். மா, குழிக் கணக்கை ஏக்கர், சென்ட்டாக மாற்றும். கொள்முதல் நிலையத்துக்குப் போன 40 கிலோ சிப்பங்களை எண்ணும். மாலையில் ஒரு பக்கத்தில் வரவு செலவைக் காட்டும். அவ்வளவுதான்.

பக்கத்து ஊர்களிலும் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும், பிரித்துப் படிக்கட்டும், நகல் எடுத்துக் கொடுக்கட்டும், தங்கள் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்று கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட முடிவு செய்தேன். நிரல் எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. பெயர், உரிமம், காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக ஒன்றரை வருடம் பிடித்தது. பெரும்பகுதி நேரம் பெயரில்தான் போனது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருளில் நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஊருக்கு ஒரு நகல் உருவான பிறகு, எது உங்கள் கையால் வந்தது என்று அடையாளம் காட்ட மிஞ்சுவது பெயர் மட்டும்தான். அதனால் வெளியிடுவதற்கு முன்பே பெயரை உறுதி செய்துவிடுங்கள்.

1. நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள்

இந்தியாவில் கணினி நிரல், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை. கட்டணம் 500 ரூபாய்தான் என்றாலும், ஆட்சேபத்துக்கான 30 நாள் காத்திருப்பு, மூலநிரலின் முதல் 10 பக்கம், கடைசி 10 பக்கம் என்று வேலை நீளும். சின்ன மென்பொருளுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டியது வேறு. சம்பளத்துக்கு இருக்கும் இடத்தில் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில் எழுதியிருந்தால் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கல்லூரியில் புராஜெக்ட்டாகச் செய்தது என்றால் துறைத்தலைவரிடம் வாங்குங்கள். அரைப் பக்கக் கடிதம், தேதி, கையெழுத்து, முத்திரை போதும். வெளியிட்ட பிறகு கேட்டால் யாரும் எளிதில் தரமாட்டார்கள்.

இலச்சினைக்கும் (லோகோ) இதே கதைதான். எனக்கு வரைந்து கொடுத்தது நாச்சியார்கோவிலில் இருக்கும் சித்தப்பா மகன். வீட்டுப் பிள்ளைதானே என்று எழுதி வாங்காமல் விட்டிருந்தேன். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற சொற்களைத் தவறாமல் சேருங்கள்.

2. ஒரு பெயர் போதாது, ஆறேழு எழுதி வையுங்கள்

கட்டற்ற மென்பொருள் உலகில் பெயர் வைப்பதற்கென்று வழக்கங்கள் உண்டு. தெரிந்துகொண்டால் யோசிக்க உதவும்.

ஒன்று, தன்னையே தனக்குள் வைத்திருக்கும் பெயர். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்குக் கட்டற்ற மாற்றாக 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த திட்டம் க்னூ. ‘க்னூ யுனிக்ஸ் அல்ல’ என்பதன் சுருக்கம். முதல் சொல்லை விரித்தால் மறுபடியும் க்னூ வரும். ‘வைன் ஓர் எமுலேட்டர் அல்ல’ என்பதிலிருந்து வந்த வைனும் இந்த வகைதான். இன்னொன்று, முன்னால் இருந்த கருவியின் பெயரோடு விளையாடுவது. ‘யாக்’ என்ற கருவியின் பெயர் ஒரு மாட்டினத்தையும் குறிப்பதால், அதற்கு மாற்றாக வந்தது இன்னொரு மாட்டினத்தின் பெயரில் ‘பைசன்’ ஆயிற்று. அன்புக்குரியவர்கள் பெயரும் வழக்கத்தில் உண்டு. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பெயர் டெப்ரா, இயன் என்ற இருவர் பெயரைச் சேர்த்தது. மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் இருப்பது, அதை உருவாக்கியவருடைய மகளின் பெயர்.

தமிழில் க்னூ மாதிரி முடியுமா என்று பார்த்தேன். ‘மடை’ கிடைத்தது. ‘மடை டைரியல்ல.’ ம, டை. விரிக்க விரிக்க மடை வந்துகொண்டே இருக்கும், டிரைவரின் டைரிக்கு மாற்று என்ற பொருளும் பொருந்தும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை ஏன் விட்டேன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

வைக்கக்கூடாதவையும் உண்டு. க்னூ திட்டம் ஏற்றுக்கொள்ளாத மென்பொருளுக்கு முன்னால் ‘க்னூ’ போடாதீர்கள். ‘லினக்ஸ்’ என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரில் உள்ள வணிகக்குறி (டிரேட்மார்க்). அதைப் பெயருக்குள் சேர்க்க லினக்ஸ் அறக்கட்டளையிடம் துணை உரிமம் பெற வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். காவிரி, தஞ்சை, கும்பகோணம் போன்ற இடப்பெயர்களை மட்டும் தனியாக வைத்தால் வணிகக்குறியாகப் பதிவது கடினம். தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, கும்பகோணம் வெற்றிலை போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றின் மேல் நிற்கிற மாதிரி பெயர் வைப்பது அந்தக் கைவினைஞர்களுக்கும் விவசாயிகளுக்கும் செய்கிற மரியாதை ஆகாது.

3. தேடுங்கள், நான்கு இடத்தில்

நான் தேடவில்லை. டெல்டாக்காரன் நெல்லுக்குப் பெயர் தேடினால் முதலில் வாயில் வருவது சம்பாதான். அதையே வைத்தேன். ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து, சுலபமாக இருந்தது. திருவையாற்றில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு நண்பர் டெபியன் பயன்படுத்துகிறார். போனில் “சம்பாவை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க” என்றேன். “ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுதே அண்ணே” என்றார். எனக்குத் தலை சுற்றியது.

அது வேறு சம்பா. கணினிகளுக்கிடையே கோப்புகளையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள உதவும், உலகம் முழுக்க ஓடுகிற கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் தொடங்கியது. அதன் பெயருக்கும் நெல்லுக்கும் தொடர்பில்லை. அவர் முதலில் வைத்திருந்த பெயர் இன்னொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. எஸ்எம்பி என்ற நெறிமுறையின் மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் ஒரு கட்டளையால் தேடினார். கிடைத்த சிலவற்றில் சம்பா என்ற நடனத்தின் பெயரை எடுத்துக்கொண்டார். நீங்களும் இந்த முறையைச் செய்து பார்க்கலாம். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை இறக்கி, உங்களுக்கு வேண்டிய எழுத்துகள் வரும் சொற்களைச் சலித்துப் பாருங்கள்.

ஆக, என் மென்பொருளை யார் தேடினாலும் கோப்புப் பகிர்வுதான் வந்து நின்றது. அதற்குள் எட்டு ஊரில் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கணினியிலும் போய் மாற்ற ஒரு குறுவை அறுப்பு முழுவதும் ஆனது.

நீங்கள் தேட வேண்டிய இடங்கள் இவை. டெபியன் பொதிப் பட்டியல் முதலில் (பொதி என்பது நிறுவுவதற்குக் கட்டிவைத்த மென்பொருள்). பிறகு நீங்கள் எழுதும் மொழியின் பொதிக் கிடங்கு, பைத்தான் என்றால் பைபிஐ. அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைக்கோடு, அடிக்கோடு வித்தியாசம் எதுவும் செல்லாது, எல்லாம் ஒரே பெயர்தான். மூன்றாவது, கிட்ஹப், கிட்லேப் போன்ற நிரல் தளங்கள். நான்காவது, இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடல். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே பொருள், சேவை வாரியாக வகுப்புகள் உண்டு. 9-ஆம் வகுப்பிலும் (இறக்கிக்கொள்ளும் மென்பொருள்) 42-ஆம் வகுப்பிலும் (மென்பொருள் சேவை) தேடுங்கள். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாமல், ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம், எழுத்துத் தேடலில் பாதி சிக்காது.

ஒரு மாலை நேரம் போதும் இந்த வேலைக்கு. செலவு பூஜ்யம்.

தேடாமல் விட்டவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முதலில் ஃபீனிக்ஸ், அப்புறம் ஃபயர்பேர்டு. முதல் பெயருக்கு வணிகக்குறிச் சிக்கல், இரண்டாவது பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டற்ற தரவுத்தளம் இருந்தது. 2004-இல்தான் இப்போதைய பெயர் நிலைத்தது. ஃபயர்பேர்டு என்ற பெயரைச் சட்டப்படி விட்டுக்கொடுக்கத் தேவையில்லாவிட்டாலும், சக கட்டற்ற திட்டத்தின் பெயரை எடுத்துக்கொள்வது முறையல்ல என்றுதான் நான் சொல்வேன். நம்மிடையே பெயர் மரியாதை என்று ஒன்று இருக்க வேண்டும்.

4. வாயால் சொல்லிப் பாருங்கள், எழுதியும் பாருங்கள்

‘மடை’யை வீட்டில் சொன்னேன். வயலில் வேலை செய்கிற ஒருவரிடம் “மடையா போட்டிருக்கீங்க?” என்று யாரோ கேட்க, அவர் முகம் மாறிவிட்டது. வசைச்சொல்லுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற பெயரை, உழைக்கிறவர் கைக்குக் கொடுக்கக்கூடாது. அன்றே விட்டேன். அதனால் பெயரோடு வேற்றுமை உருபுகளைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஐ, ஆல், இல், ஓடு எல்லாம். விளித்துக் கூப்பிட்டும் பாருங்கள்.

அடுத்து ‘படி’யை யோசித்தேன். நெல் அளக்கும் படி, படித்துப் பார் என்கிற படி, நகல் என்கிற படி. ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் இணையத்தில் ‘படி’ என்று தேடினால் உங்கள் மென்பொருள் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஒரு சொல் முன்னால் சேர்த்தேன், ‘நெற்படி’ ஆயிற்று. ‘நெல்படி’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊர்த் தமிழாசிரியர் “புணர்ச்சியை ஏம்ப்பா உடைக்கிறே, சொல்லச் சொல்லப் பழகிடும்” என்றார். பழகிவிட்டது.

பொதிப் பெயரில் தமிழ் எழுத்து இப்போதைக்கு வைக்க முடியாது. டெபியனில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், கூட்டல், கழித்தல் குறி, புள்ளி இவை மட்டுமே. அதனால் ஒரே ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். திரையில், ஆவணத்தில், நோட்டீஸில் தமிழ்ப்பெயர் இருக்கட்டும். பக்கத்தில் வரும் மற்ற எழுத்துக்கூட்டல்களை விளக்கப் பக்கத்தில் ஒரு வரியில் போட்டுவைத்தால் தேடுகிறவர்களுக்கு உதவும்.

‘இலவச மென்பொருள்’ என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். நான் 500 அடித்தேன். “எந்தத் திட்டத்தில் தருகிறார்கள், ரேஷன் கார்டு வேண்டுமா?” என்று கேட்டு வந்தார்கள். ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல், அவர்கள் காலமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நமக்குக் கட்டற்ற என்ற சொல் கையில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்குக் காசு வாங்கவும் தடையில்லை. நான் நேரில் போய் நிறுவிக் கொடுக்க 300 ரூபாய் வாங்குகிறேன்.

இயங்குதளத்தின் பெயரையும் கையேட்டில் ‘க்னூ/லினக்ஸ்’ என்று எழுதுங்கள். லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கரு (கெர்னல்) மட்டும். மேலே நாம் தொடுகிற கருவிகளில் நிறைய க்னூ திட்டத்திலிருந்து வந்தவை. விழுப்புரத்துப் பயனர் குழு தன் பெயரிலேயே இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. உங்கள் பெயருக்கு நீங்கள் எதிர்பார்க்கும் மரியாதையை அவர்களுக்கும் கொடுப்பது நியாயம்.

5. உரிமத்தைப் பெயரோடும் எண்ணோடும் எழுதுங்கள்

நான் எடுத்தது க்னூ பொது உரிமம், அதாவது ஜிபிஎல், 3-ஆம் பதிப்பு. மாற்றி எழுதி வெளியே கொடுப்பவர் தன் மாற்றத்தையும் மூலநிரலோடு திறந்து கொடுக்க வேண்டும் என்பதால். மென்பொருள் முழுக்க இணையத்தில் ஓடுவது என்றால் அதற்கென்றே உள்ள ஜிபிஎல் வகையான ஏஜிபிஎல் பாருங்கள். யார் எப்படி எடுத்தாலும் சரி என்றால் எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்தான்.

‘இது ஜிபிஎல்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். பதிப்பு எண் சொல்லாவிட்டால், இதுவரை வெளிவந்த எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் எடுப்பவர் தேர்ந்துகொள்ளலாம். ‘பதிப்பு 3 அல்லது அதற்குப் பிந்தையது’ என்று ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஆண்டு, உங்கள் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். உரிமத்தின் வாசகத்தில் கை வைக்காதீர்கள், மாற்ற அனுமதி இல்லை. விளங்குவதற்குத் தமிழில் ஒரு சுருக்கம் தனியாக வைக்கலாம், ஆனால் சட்டப்படி செல்வது ஆங்கில மூலம்.

பெயரைக் காக்க இதே உரிமத்தில் வழி இருக்கிறது. ஜிபிஎல் 3-இன் 7-ஆம் பிரிவு, வணிகக்குறி உரிமை தரப்படவில்லை என்றும், மாற்றிய பதிப்புகள் மூலத்திலிருந்து வேறுபட்டவை என்று தெரியும்படி குறிக்கப்பட வேண்டும் என்றும் கூடுதல் வாசகம் சேர்க்க அனுமதிக்கிறது. நான் இரண்டையும் சேர்த்திருக்கிறேன். இது கட்டற்ற தன்மைக்கு விரோதமோ என்று எனக்கு ஒரு மாதம் உறுத்தியது. இல்லை. மாற்றிய பதிப்புக்கு வேறு பெயர் கேட்கலாம் என்று டெபியனின் வழிகாட்டு விதிகளே ஒத்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸை மாற்றித் தந்தபோது டெபியன் அதற்கு ‘ஐஸ்வீசல்’ என்று பெயரிட்டு 2006 முதல் 2016 வரை அப்படித்தான் விநியோகித்தது.

எழுத்துருவை உள்ளே சேர்ப்பவர்கள் கவனிக்கவும். குறுணி, உழக்கு போன்ற பழைய நெல் அளவைக் குறியீடுகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்காக ஓர் எழுத்துருவில் நானே வடிவங்கள் சேர்த்தேன். எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் உரிமத்தில் ‘ஒதுக்கப்பட்ட பெயர்’ என்று அறிவித்திருந்தால், மாற்றிய எழுத்துருவை அதே பெயரில் கொடுக்கக்கூடாது. உரிமக் கோப்பின் முதல் சில வரிகளிலேயே இது இருக்கும், படித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள்.

6. கோப்புகளுக்கு வழக்கமான பெயர்கள்

ரீட்மீ, இன்ஸ்டால், ஆத்தர்ஸ், நியூஸ், உரிம வாசகத்துக்குக் காப்பியிங். க்னூ வழக்கப்படி எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். கருவிகளும் மனிதர்களும் இந்தப் பெயர்களைத்தான் தேடுவார்கள், புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். தமிழ் ரீட்மீயை முதலில் வையுங்கள்.

7. வணிகக்குறிப் பதிவு: வேண்டுமா, எவ்வளவு ஆகும்

எல்லோருக்கும் தேவையில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உங்கள் பெயரில் நம்பி இறங்கினால் செய்யுங்கள். டிஎம்-ஏ படிவம். தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், நேரில் காகிதமாகக் கொடுத்தால் 5,000. எனக்காக விண்ணப்பித்த ஒரு முகவர் ‘மற்றவர்’ என்ற பிரிவில் போட்டு 9,000 கட்ட வைத்தார். அந்த 4,500 திரும்ப வரவே இல்லை. சமர்ப்பிக்கும் முன் விண்ணப்பதாரர் வகை ‘தனிநபர்’ என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

காகிதங்கள்: அடையாள, முகவரிச் சான்று, இலச்சினை இருந்தால் அதன் படம், முகவர் மூலம் என்றால் அவருக்கான அதிகாரப் பத்திரம். ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறேன் என்று பழைய தேதி கோரினால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் வேண்டும். முதல் வெளியீட்டின் தேதி தெரியும் பக்கத்தை அச்செடுத்து வைத்தது எனக்கு உதவியது. நீங்களே இணையத்தில் போட டிஜிட்டல் கையொப்பம் தேவை. நம் பகுதிக்குரிய பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எல்லாம் இணையத்திலேயே முடிந்ததால் நான் போகவில்லை.

பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் பதில் தர ஒரு மாதம்தான். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அறுப்பு நேரத்தில் எனக்கு அந்த மின்னஞ்சல் வந்தது, பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பதிவகத்தின் வணிகக்குறி இதழில் வெளியிடுவார்கள், அதிலிருந்து நான்கு மாதம் எவரும் எதிர்க்கலாம். எனக்குச் சான்றிதழ் வர ஒரு வருடம் தாண்டியது. பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவாகும் முன் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறி போடுவது குற்றம். ‘டிஎம்’ போடலாம்.

8. வெளியிடும் நாள்

தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது எதையும் புதிதாக இறக்காதீர்கள். மிஷின் இரவு பகலாக ஓடும், யாருக்கும் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது, தவறு நடந்தால் நம்பிக்கை போய்விடும். குறுவை அறுப்பில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருத்துங்கள். மார்கழியில் வெளியிடுங்கள்.

பெயரை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய பெயரில் ஒரு கடைசி வெளியீடு விட்டு, புதிய பெயர் இதுதான் என்று அதில் ஒரு வரி காட்டுங்கள். பழைய கணக்குக் கோப்புகள் புதியதில் திறக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் இன்னும் ‘சம்பா’ என்ற பெயரில் கோப்பு இருக்கிறது. அதையும் நெற்படி திறக்கும்.